சிறு ஒளிக்கு இரு காவலர்



1962-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அதற்கடுத்த திங்களில், அமெரிக்க நாட்டின் ஸ்கெனெக்டடி நகரில், ராபர்ட் ஹால் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் கேலியம் ஆர்சனைடு என்னும் படிகத்துண்டிலிருந்து லேசர் ஒளியைப் பெற்றனர். அப்படிகத்தைத் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகைக் குளிரில் வைத்து, நொடியின் மிகச் சிறு கூறளவே மின்சாரம் செலுத்தினர். அறை வெப்பத்தில் இடைவிடாது ஒளிரும் லேசர் டையோடு 1970-இல் உருவாயிற்று. இன்று அது கடைத்தெருவில் கிடைக்கும் சிறு பொருள். உள்ளிருக்கும் படிகமோ கடுகினும் சிறிது.

இதனை மின்கலத்துடன் நேரே இணைத்தால் என்ன என்று நீங்கள் வினவலாம். சாதாரண மின்விளக்கின் இழை சூடேறச் சூடேற, அதன் தடை மிகும். மின்னோட்டம் தானே அடங்கும். லேசர் டையோடின் இயல்பு இதற்கு மாறானது. சூடேறினால் மின்னோட்டம் பெருகும். பெருகிய மின்னோட்டம் மேலும் சூடேற்றும். வரம்பு கடந்தால், படிகத்தின் கண்ணாடி போன்ற முகப்பு இமைப்பொழுதிலும் குறைந்த நேரத்தில் கருகிவிடும். ஆகவே இச்சிறு ஒளிக்கு இரு காவலர் தேவை. மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் சுற்று ஒன்று. வெப்பத்தை வாங்கும் உறை மற்றொன்று. இவ்விரண்டையும் நாமே செய்துகொள்ளலாம்.

முதற்காவலனுக்கு எல்.எம்.317 என்னும் மூன்று கால் சில்லு போதும். அது தன் இரு கால்களுக்கிடையே 1.25 வோல்ட்டை மாறாமல் வைத்திருக்கும். அவற்றுக்கிடையே 50 ஓம் மின்தடையை வைத்தால், 1.25-ஐ 50-ஆல் வகுக்கக் கிடைக்கும் 25 மில்லிஆம்பியரே சுற்றில் ஓடும். டையோடின் குறிப்பேடு கூறும் அளவுக்கேற்ப இத்தடையைத் தெரிந்தெடுக்க வேண்டும். முதலில் லேசருக்குப் பதிலாக மூன்று சாதாரண டையோடுகளையும் 10 ஓம் தடை ஒன்றையும் தொடராக இணைத்துச் சோதியுங்கள். அத்தடையின் இரு முனைகளிடை 0.25 வோல்ட் காட்டினால், சுற்று செம்மையாக உள்ளது. மின்சாரம் ஓடும்போது லேசரை இணைக்கவே கூடாது. வெளியீட்டில் உள்ள மின்தேக்கி முழு மின்னழுத்தத்தையும் சேர்த்துவைத்து, இணைத்த கணத்திலேயே கொட்டிவிடும்.

இரண்டாம் காவலன் உறை. பல டையோடுகளின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். பித்தளை அல்லது அலுமினிய உருளையில் அதற்கேற்ற துளையைக் கடைசல் பட்டறையில் இட்டு, டையோடு இறுகப் பொருந்துமாறு அமைக்க வேண்டும். செலுத்தும் மின்னாற்றலில் ஒரு பங்கே ஒளியாகிறது. எஞ்சியது வெப்பமாய் உலோகத்தின் வழியே வெளியேற வேண்டும். புதுவையின் கோடை நண்பகலில் லேசரின் ஒளி தானே மங்கும். அதனை ஈடுசெய்ய மின்னோட்டத்தைக் கூட்டுவது டையோடைக் கொல்லும் செயல். உறையைப் பெரிதாக்குவதே அறிவுடைமை. உப்புக் காற்று செம்புக் கம்பிகளையும் இணைப்புகளையும் அரிக்குமாதலின், பற்றவைத்தபின் அவற்றைத் துடைத்து வார்னிஷ் பூசுதல் நன்று.

உறைக்கு இன்னொரு பணியும் உண்டு. டையோடிலிருந்து வரும் ஒளி நீள்வட்டமாக விரிந்து செல்லும். நம் கடற்கரையின் பழைய கலங்கரை விளக்கத்தில் 1836-இல் விளக்கேற்றியபோதும், சிதறும் ஒளியைக் கடல் நோக்கித் திரட்டுவதே கலையாயிருந்தது. இங்கு அப்பணியைச் சிறு வில்லை செய்கிறது. மரையிட்ட குழலில் அதனைத் திருகி முன்பின் நகர்த்தினால், விரிகதிர் இணைகதிராகும்.

இவ்விரு காவலரும் டையோடைக் காப்பர். உங்கள் கண்ணைக் காக்கமாட்டார். அப்பொறுப்பு உங்களுடையது. இணைகதிரைக் கண்ணின் வில்லை விழித்திரையில் ஊசிமுனையளவாகக் குவிக்கும்; வெந்த இடம் மீளாது. 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசரையே ஆசிரியர் முன்னிலையில் கையாளுங்கள். அவ்வளவினதாயின், கண் கூசி இமை தானே மூடுவது ஓரளவு காக்கும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. அதனைத் தொடவே வேண்டாம். கதிரைக் கண்மட்டத்துக்குக் கீழே, பளபளப்பற்ற சுவரை நோக்கியே செலுத்துங்கள். குறிப்புச்சீட்டில் எழுதிய அளவை முற்றும் நம்பாதீர்கள். டையோடு போனால் வேறொன்று வாங்கலாம். கண்ணை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.