உஷார்! வாட்ச் சொல்லும் ‘நல்ல எண்’ணை நம்பிவிடாதீர்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பிரிப்பவர் கையிலும், சிதம்பரம் கீழவீதிக் கடைக்காரர் கையிலும் இப்போது ஸ்மார்ட் வாட்ச். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது அது நாடித்துடிப்பு 72 என்று காட்டினால் ஓரளவு நம்பலாம். ஆனால் ‘எச்.ஆர்.வி.’ என்று மில்லிநொடியில் ஓர் எண் வருகிறதே, அங்கேதான் ஆபத்து!

அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதே அந்த எண். நெடுநாள் சர்க்கரை நோய் இதய நரம்புகளைக் கெடுத்தால் இந்த மாறுபாடு சுருங்கிவிடும். அதாவது எண் குறைந்தால்தான் எச்சரிக்கை.

வாட்ச் தோலில் ஒளி பாய்ச்சி நாடியைப் பார்க்கிறது. ஆனால் இடைவிடாமல் அல்ல, விட்டுவிட்டு. முதுநகரில் உள்ள துறைமுகச் சந்திப்பில் ரயில் வரும் நேரத்தைக் குறிப்பவர் கால்மணிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறார் என்று வையுங்கள். 9.01க்கு வந்த ரயிலும் 9.14க்கு வந்த ரயிலும் அவர் நோட்டில் 9.15தான்!

நொடிக்கு 25 முறை பார்க்கும் கருவிக்கு இரு பார்வைகளுக்கு நடுவே 40 மில்லிநொடி இருட்டு. நொடிக்கு 30 படம் எடுக்கும் செல்போன் கேமராவுக்கு 33. உண்மையான மாறுபாடு 20 மில்லிநொடி என்றால், 25 முறை பார்க்கும் கருவி அதைச் சுமார் 35 என்று ஊதிக் காட்டும். 100 முறை பார்த்தால் 21தான் வரும். நோய் சுருக்கிய எண்ணைக் கருவியின் பிழை பெருக்கிவிடுகிறது. ஆபத்தில் இருப்பவர் ‘நலம்’ என்று தூங்கப் போகிறார்!

ஈ.சி.ஜி. வழியாக இதை அளக்க நொடிக்கு 250 முதல் 500 முறை பார்ப்பது நல்லது என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 1996-லேயே சொல்லிவிட்டன. சில கருவிகள் நடுப்புள்ளிகளைக் கணக்கிட்டு இந்தப் பிழையைக் குறைக்கின்றன. உங்கள் வாட்ச் அதைச் செய்கிறதா என்பது பெட்டியில் பெரும்பாலும் இருக்காது.

கவனிக்க வேண்டியவை:

● வாங்கும்போது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்று கேளுங்கள்.

● வேகம் வேறுபடும் இரு கருவிகளின் எண்களை ஒப்பிடாதீர்கள்.

● கையை அசைத்தபடி எடுத்த அளவைத் தள்ளிவிடுங்கள்.

● வாட்ச் எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

● எழுந்தால் தலைசுற்றல், படபடப்பு இருந்தால் மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதை இன்றே அவரிடம் சொல்லுங்கள்.