அணு உலையும் அண்டை நாட்டாரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நிலத்தில் கோடு கிழித்து, 'இது உன் நாடு, இது என் நாடு' என்று மனிதன் பிரித்துக்கொண்டான். காற்றுக்கும் ஆற்று நீருக்கும் அந்தக் கோடு தெரியாது. இந்த எளிய உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற ஆண்டு 1986.

அவ்வாண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அன்றைய சோவியத் நாட்டைச் சேர்ந்த உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், ஊழியர் ஒருவரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டிக் கொடுத்தது. தங்கள் உலையில்தான் கசிவோ என்று அவர்கள் முதலில் அஞ்சினர். அன்று மாலைதான் மாஸ்கோ விபத்தை அறிவித்தது. செய்திக்கு முன்பே தூசி எல்லையைக் கடந்துவிட்டது!

அந்தத் தூசியில் அப்படி என்னதான் இருக்கிறது? யுரேனிய அணுக்கரு பிளவுறும்போது பல கதிரியக்கப் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் அயோடின்-131 காற்றாலும் பாலாலும் உடலுக்குள் புகுந்து, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் தங்கும். அதன் அரை ஆயுள் 8 நாள். சீசியம்-137-இன் அரை ஆயுளோ சுமார் 30 ஆண்டுகள். அது மண்ணில் படிந்தால் ஒரு தலைமுறை கழிந்த பின்னும் பாதி அங்கேயே இருக்கும். எனவே, உலை கட்டுவது ஒரு நாட்டின் தனி வீட்டுக் காரியம் அன்று.

இதை உணர்ந்த ஐரோப்பிய நாடுகள் முதலியன 1991 பிப்ரவரியில் பின்லாந்தின் எஸ்பூ நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அது 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்: அண்டை நாட்டைப் பெரிதும் பாதிக்கக்கூடிய அணு உலை போன்ற திட்டத்தைத் தொடங்கும் நாடு, முன்கூட்டியே அந்நாட்டுக்கு அறிவிக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தர வேண்டும். அந்நாட்டு மக்களும் கருத்துச் சொல்ல வழி செய்ய வேண்டும். பொருத்தமான மாற்று இடங்களையும், திட்டமே வேண்டாம் என்னும் வழியையும் அறிக்கை ஆராய வேண்டும். திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அண்டை நாட்டுக்கு இல்லை. ஆனால் கேட்கப்படும் உரிமை உண்டு.

இந்த உரிமைக்குப் பெரும் சோதனையாக அமைந்தது பெலாரஸ் நாட்டின் ஆஸ்த்ராவெட்ஸ் அணுமின் நிலையம். ரஷ்யா வடிவமைத்த வி.வி.இ.ஆர்.-1200 வகை உலைகள் இரண்டு அங்கே உள்ளன. லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸ் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். உலைக்கு வேண்டிய நீர் வீலியா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அதே ஆறு நேரிஸ் என்னும் பெயரோடு வில்னியஸ் நகரின் நடுவே ஓடுகிறது.

நான் கடைமடை விவசாயியின் மகன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தலைமடைக்காரர் மடையை மாற்றுமுன் கடைமடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதுதான் முறை என்பது படிக்காத என் தந்தைக்கும் தெரியும். லித்துவேனியா கேட்டதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்: "வேறு இடங்கள் இருக்க, ஏன் இந்த இடம்?"

2011-இல் அந்நாடு எஸ்பூ உடன்படிக்கையின் குழுவிடம் முறையிட்டது. 2013-இல் உலைக் கட்டுமானம் தொடங்கிவிட்டது. 2016 ஜூலையில் உலைக்கலத்தைத் தூக்கும்போது அது நழுவியது. எரிபொருள் இல்லாத வெறுங்கலம் ஆதலால் கதிரியக்க ஆபத்து இல்லை. பின்னர் வேறு கலம் பொருத்தப்பட்டது. எனினும் அதிகாரிகள் ஒப்புக்கொள்ளுமுன் செய்தி வெளியே கசிந்ததால் அண்டை நாட்டின் ஐயம் வளர்ந்தது. இடத்தைத் தேர்ந்ததற்கான காரணங்களைப் பெலாரஸ் உரியவாறு தெரிவிக்கவில்லை, உடன்படிக்கை மீறப்பட்டது என்று உறுப்பு நாடுகளின் கூட்டம் 2019-இல் முடிவு கூறியது. அதற்குள் நிலையம் பெரும்பாலும் எழும்பிவிட்டது. 2020 நவம்பரில் முதல் உலை மின்சாரம் தந்தது. 2023-இல் இரண்டாவதும் தந்தது. லித்துவேனியா தன் மக்களுக்கு அயோடின் மாத்திரைகளை வழங்கியது. பயிர் கருகிய பின் பஞ்சாயத்துத் தீர்ப்பு வந்தாற்போல் ஆயிற்று!

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. இந்த வகை உலைகளுக்கு இரட்டைக் கவச உறையும், உருகிய எரிபொருளை ஏந்தும் அமைப்பும் உண்டு. செர்னோபில் உலையின் வடிவம் வேறு. லித்துவேனியாவின் இக்னாலினா அணுமின் நிலையமும் பெலாரஸ் எல்லைக்கு மிக அருகில்தான் இயங்கி, 2009-இல் மூடப்பட்டது. ஆயினும் 'இந்த உலை எவ்வளவு பாதுகாப்பானது?' என்பது ஒரு கேள்வி, 'ஏன் இங்கே?' என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குப் பொறியாளர் விடை சொல்லலாம். இரண்டாவதற்கு, பாதிக்கப்படக்கூடியவர்களையும் வைத்துக்கொண்டுதான் விடை காண வேண்டும். அதுவும் அடிக்கல் நாட்டுமுன்!

இது எங்கோ வடக்கே நடக்கும் வழக்கு என்று நாம் இருந்துவிட முடியாது. நம் கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் அதே வி.வி.இ.ஆர். குடும்பத்தைச் சேர்ந்தவையே. கடலுக்கு அப்பால் இலங்கை இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அணு ஆற்றல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஒன்றில் 2015-இல் கையெழுத்திட்டன. ஆனால் எஸ்பூ உடன்படிக்கையில் இரு நாடுகளுமே உறுப்பினர் அல்ல.

மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விளக்கொளியில்தான் நானும் படிக்கிறேன். ஆனால் விளக்கு என் வீட்டில் எரிய, அச்சம் மட்டும் அடுத்த வீட்டுக்கு என்றால் அது அறம் ஆகாது. அறிவியல் பயிலும் மாணவர்களாகிய நாம் உலையின் உள்ளே நடப்பதைக் கற்பதோடு, அதன் வேலிக்கு வெளியே வாழ்வோரின் கேள்விகளையும் கற்போமாக!