இரண்டு ஒட்டுகள்

முதுகெலும்பு முழுதாக மூடாத ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்த குழந்தையின் முதுகுத் தழும்புதான் பிறர் கண்ணில் படும். பெற்றவர்களின் கவலையோ சிறுநீர்ப்பையைப் பற்றியது. தண்டுவடத்திலிருந்து அதற்குப் போகும் நரம்புகள் சரியாக அமைவதில்லை. பை நிறையும், முழுதாகக் காலியாகாது. உள்ளே ஏறும் அழுத்தம் நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

1950-இல் அமெரிக்காவின் யூஜின் பிரிக்கர் புற்றுநோயாளிகளுக்காக விவரித்த அறுவை, பின்னர் இந்தக் குழந்தைகளுக்கும் வந்தது. குடலில் ஒரு துண்டைப் பிரித்து, சிறுநீர்க்குழாய்களை அதில் இணைத்து, வயிற்றில் துளையிட்டு ஒரு பையை மாட்டுவார்கள். அந்தப் பையைச் சட்டைக்குள் மறைத்தபடி பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உண்டு. அதே பத்தாண்டின் முடிவில் புடாபெஸ்டில் ஃபெரென்ஸ் காட்டொனா வெட்டாத வழியொன்றைத் தேடினார். குழாய் வழியே சிறுநீர்ப்பையில் உப்புநீரை நிரப்பி, மின்முனையை உள்ளே விட்டு மெல்லிய மின்துடிப்பு கொடுத்தார். வாரக்கணக்கில் தொடரும் சிகிச்சை அது. ஒவ்வொரு முறையும் குழந்தை மருத்துவமனையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

1972-இல் மிச்சிகனின் ஜாக் லாபிடிஸ், கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும், சில மணிக்கொருமுறை வீட்டிலேயே சிறுநீரை எடுத்துவிடலாம் என்று காட்டினார். எத்தனையோ சிறுநீரகங்களைக் காத்தது இந்த எளிய வழிதான். மின்தூண்டலும் பிறகு வீட்டுக்கு வந்தது. மில்வாக்கி மருத்துவர்கள் 1997-இல் தங்கள் முதல் அனுபவத்தை எழுதினார்கள். இன்று தோல் வழியே மின்துடிப்பு தரும் கையடக்கமான டென்ஸ் கருவி, இரண்டு ஜெல் ஒட்டுகள். குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

பலன் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. சிறுநீர்ப்பைக்குள் கொடுக்கும் மின்தூண்டலைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 1992-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. ஒட்டு வந்துவிட்டதென்று குழாயை நிறுத்திவிட முடியாது. இதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அன்று மருத்துவமனையில் பக்கத்தில் நர்ஸ் நின்றார். இன்று வீட்டில் அம்மா தனியாக நிற்கிறாள். மற்றவர்களுக்கு எறும்பு ஊர்வதுபோல உறைக்கும் மின்துடிப்பு, இந்தக் குழந்தைகளில் பலருக்கு ஒட்டு இருக்கும் இடத்தில் தெரிவதேயில்லை. வலிக்கிறது என்று பிள்ளை சொல்லாது. தழும்பைத் தவிர்த்து ஒட்டியதை அவள் மெதுவாக உரித்தெடுத்து, விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.