முகாமில் பிறந்தவர்களின் தாய்நாடு எது?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமானது. 1983 ஜூலை வன்செயல்களையடுத்து இக்கடலைப் படகுகளில் கடந்தவர்கள் நிரந்தரமாகப் போய்விடுவதாக எண்ணிச் சென்றவர்களல்லர். நிலைமை சீரடைந்ததும் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையிலேயே அவர்கள் வீடுகளைப் பூட்டிச் சென்றனர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோதும், 2006 ஆம் ஆண்டின் பின்னரும் சென்றவர்களின் நிலையும் அதுவே. ஆனால், யுத்தம் முடிவடைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் தமிழகத்தின் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான இலங்கையர் வாழ்ந்து வருகின்றனர். முகாம்களுக்கு வெளியே பொலிஸ் பதிவுடன் வசிப்போர் இதில் அடங்கார். இவர்களுள் கணிசமானோர் இலங்கையைக் கண்ணாலும் கண்டிராதவர்கள்.

கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ சென்ற ஒருவர் முதலில் தஞ்சம் பெறுகிறார், பின்னர் வதிவிட அனுமதி பெறுகிறார், சில ஆண்டுகளில் பிரஜையாகவும் ஆகிவிடுகிறார். அந்நாடுகள் அகதிகள் தொடர்பான 1951 ஆம் ஆண்டு சமவாயத்தில் இணைந்தவை என்பதே இதற்குக் காரணம். இந்தியா அச்சமவாயத்திலும் அதன் 1967 ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இணையவில்லை (இலங்கையும் இணையவில்லை என்பதை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது). எனவே தமிழக முகாம்களில் வழங்கப்படும் பணக்கொடுப்பனவு, அரிசி, கல்வி வசதி ஆகிய யாவும் அரசின் கருணையால் கிடைப்பவையேயன்றி சட்டம் அளித்த உரிமைகளல்ல. முகாம்களுக்கு 2021 இல் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் முகாமில் வாழ்பவர்களின் சட்ட நிலை அதனால் மாறிவிடவில்லை.

அச்சட்ட நிலையைச் சற்று விரிவாக நோக்குவது அவசியமாகும். இந்திய மண்ணில் பிறந்த எவரும் இந்தியப் பிரஜை என்ற நிலை 1987 ஜூலை முதலாம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. அன்று முதல் பெற்றோரில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பரிலிருந்து மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருத்தலும் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்தது. கடவுச்சீட்டின்றிப் படகில் வந்த அகதியை இந்தியச் சட்டம் அந்தப் பெயராலேயே அழைக்கிறது. 1987 ஜூலைக்கு முன்னர் முகாமொன்றில் பிறந்த ஒருவர் நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று, 2024 பொதுத் தேர்தலில் வாக்களிக்கவும் செய்தார். அவருக்குப் பின் பிறந்த தம்பி தங்கையருக்கு அந்தக் கதவு அடைபட்டுள்ளது. ஒரே குடும்பத்தில், ஒரே முகாமில் பிறந்தவர்களின் நாட்டைப் பிறந்த திகதி தீர்மானிக்கும் விசித்திரம் இது.

2019 ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவர்க்கு மட்டும் வழிவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முஸ்லிம்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அப்பட்டியலில் இல்லை. ஒரே சட்டம் இரு சமூகத்தவரையும் வெவ்வேறு காரணங்களைக் கூறி வெளியே நிறுத்தியிருக்கிறது.

அவ்வாறாயின் இவர்கள் இலங்கையர்தானே என்று கேட்கலாம். எமது பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவழியை ஏற்கிறது. ஆயினும் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பு ஒரு வருடத்துக்குள் பதியப்படல் வேண்டும், அல்லது தாமதத்துக்கு அமைச்சரின் அனுமதி பெறப்படல் வேண்டும். சென்னையிலுள்ள பிரதி உயர்ஸ்தானிகராலயம் மண்டபத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களும் விவாகப் பதிவும் கடலிலோ எரிந்த வீட்டிலோ போயின. பதியப்படாத பிள்ளை இரு நாட்டுக்கும் அந்நியன் ஆகிவிடுகிறான்.

மலையக வம்சாவழியினரின் நிலை இன்னும் சிக்கலானது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளும் எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொள்ள வழிவகுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் என்பது அக்கணக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கு விரட்டப்பட்டு, அங்கிருந்து அகதியாக இராமேஸ்வரம் சென்ற குடும்பங்கள் பல. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் தொடர்ந்து வசித்திருத்தலை நிபந்தனையாக்கியதால் அவர்கள் விடுபட்டனர். 2009 இல் திருத்தம் கொண்டுவரப்பட்டே அக்குறை நீக்கப்பட்டது.

நாட்டின் எல்லையைக் கடந்தவரே சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் அகதி ஆவார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துடன் நின்றுவிட்டமையால் ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’ எனப்பட்டனர். பிரஜாவுரிமை அவர்களிடமே இருந்தது. ஆனால் மன்னாரில் வாக்காளராகப் பதிவதா, புத்தளத்தில் பதிவதா என்ற பிரச்சினை பல்லாண்டுகள் அவர்களைத் தொடர்ந்தது. காடாகிப்போன காணியின் எல்லையை நிறுவுவதில் இரு சாராரும் படும் பாடு ஒன்றே. பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆட்சிசெய்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது எமது சட்டம். யுத்த காலத்தை அக்கணக்கிலிருந்து விலக்க 2016 இல் விசேட சட்டமொன்று நிறைவேறியது. ஆயினும் வழக்குத் தொடுப்பவர் உறுதியைக் காட்ட வேண்டுமே!

திரும்பி வருபவர்களை நாம் எவ்வாறு வரவேற்கிறோம் என்பதும் ஆராயப்பட வேண்டியது. 2025 மே மாதத்தில், ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் அனுசரணையுடன் நாடு திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகத்தினூடாகக் கடவுச்சீட்டுடன் வெளியேறவில்லை என்பதே குற்றம். 1948 ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அவ்வாறுதான் கூறுகிறது. எறிகணை வீச்சுக்கு மத்தியில் வள்ளம் ஏறியவர் எந்தத் துறைமுகத்தில் முத்திரை பெற்றிருக்க முடியும்? உயிர் தப்புவதற்காகப் புறப்பட்டவர்களுக்கு அச்சட்டத்தில் விலக்களிக்க அரசாங்கத்துக்குப் பெரும் செலவொன்றும் ஏற்படாது.

இந்தியா தன் பங்குக்கு 2025 செப்டெம்பரில் ஒரு சலுகையை அறிவித்தது. 2015 ஜனவரி 9 ஆம் திகதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டோ விசாவோ இன்மைக்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். இது பிரஜாவுரிமையன்று. 2022 இல் பாலுக்கும் எரிவாயுவுக்கும் வழியின்றி மன்னாரிலிருந்து குழந்தைகளுடன் படகேறி, மணல் தீடைகளில் இறக்கிவிடப்பட்டவர்களும் இத்திகதிக்கு அப்பாற்பட்டவர்களே. மண்டபத்தில் தங்கவைக்கப்பட்ட அவர்களின் பிள்ளைகளிடம் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பக்கத்து வரிசையில் முப்பது ஆண்டுகளாக வாழ்பவரின் பிள்ளையிடம் அதுவும் இல்லை.