வீடும் குடியிருப்போரும்

வீடு என்னுஞ் சொல் தமிழில் மனையையும் உணர்த்தும், விடுதலையையும் உணர்த்தும். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்றலை மலையகத் தேயிலைத் தோட்டங்களிற் காணலாம்.

நுவரெலியா, அற்றன் பகுதிகளில் ஆங்கிலேயர் காலத்தெழுந்த லயன்கள் குடும்ப வாழ்வைக் கருதி அமைந்தனவல்ல. தொழிலாளரை வேலைத்தளத்துக்கு அண்மையில் நிறுத்துதலே அவற்றின் நோக்கம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா ஒன்றும், முன்னே ஓர் இஸ்தோப்புமே ஒரு குடும்பத்துக்கு உரியன. உரிமையோ தோட்டத்தினது.

1984இல் இலங்கையிலே தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வேறொரு கொள்கையை முன்வைத்தது. அரசு தானே கட்டிக் கொடுத்தலினும், கட்டுவோர்க்குக் கடனும் அறிவுரையும் நல்கித் துணைநிற்றலே நன்று என்பது அதன் சாரம். ஆயின் காலூன்ற நிலமில்லாதவனுக்கு இக்கொள்கை எவ்வாறு பயன்படும்? இந்திய உதவியோடு 2016இல் மலையகத்தில் ஆரம்பமான 4,000 தனிவீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏழு பேர்ச் காணி ஒதுக்கப்பட்டமை இதனாலேயே சிறப்புடைத்து. பயனாளிகள் கட்டுமானத்திற் பங்குகொண்டனர்; எனினும் 550 சதுர அடி என்னும் பரப்பு முன்னரே வகுக்கப்பட்டதாகும்.

வரைபடம் வரையும்போதே குடியிருப்போரைக் கேட்டல் ஏன் வேண்டும்? கவ்வாத்து மிலாறை எரிக்கும் அடுப்பின் புகை எவ்வழி போகவேண்டும், மழையில் நனைந்த படங்கை எங்கே உலர்த்துவது, சாமிப் படத்துக்கு எம்மூலை உரியது என்பன கொழுந்து பறித்து மாலையில் மீளும் பெண்ணுக்கே நன்கு தெரியும். சரிவைத் தாங்கும் அணைசுவர், நீர் வடியும் கான், அத்திவாரத்தின் ஆழம் என்பன கட்டடக்கலைஞரும் பொறியியலாளரும் அறிந்தவை. ஒருவர் அறிவு மற்றவர் அறிவுக்கு ஈடாகாது.

அறிவு மட்டும் இருந்தும் போதாது. அயல் மாவட்டமான பதுளையில், கொஸ்லந்தை மீரியபெத்தை லயன்களை 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவு புதைத்தது. அவ்விடம் ஆபத்தானதென ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். தனக்கெனக் காணி இல்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே பெயர்வான்?

ஆதலின் காணியுரிமை முதலாவது. வரைபடத்தின் முன் குடியிருப்போரும் கலைஞரும் ஒருங்கமர்தல் இரண்டாவது. இவ்விரண்டும் கூடியவிடத்தே கூரையுங் சுவரும் வீடாகும்.