தலைமுடியும் சாட்சி சொல்லும்!

தலை வாரியதும் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி எறிந்து விடுகிறோம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது யாருக்கும் சகஜம்தான். ஆனால், குற்றம் நடந்த இடத்தில் உதிர்ந்த ஒற்றை முடி இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல!

மதுரைக்காரியான நான் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த போட் மெயிலில் கிடந்த டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல்! தலை பிறகு ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. காதுத் துளை, பல் அமைப்பு, கைரேகை இவற்றைக் கொண்டு, இறந்தவர் பேனா வியாபாரி ஆளவந்தார் என்று நிச்சயித்தார்கள். செத்த உடம்பும் பேசும் என்று ஊருக்கே காட்டிய வழக்கு அது.

முடி எப்படிப் பேசுகிறது? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முடியின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கும், நடுவில் மெல்லிய தண்டும் தெரியும். நாய், பூனை முடியில் இந்த நடுத்தண்டு அகலமாக இருக்கும். மனித முடியில் குறுகலாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. முடி தானாக உதிர்ந்ததா, பிடுங்கப்பட்டதா, சாயம் பூசியதா என்பதும் தெரியும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், பாஷாணம் கொடுக்கப்பட்டிருந்தால் எப்போது என்பதைக்கூட ஓரளவு கணிக்கலாம்.

பிடுங்கிய முடியின் வேரில் சதை ஒட்டியிருந்தால், அதிலுள்ள டி.என்.ஏ. ஆளையே அடையாளம் காட்டிவிடும். வேரில்லாத முடியிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது தாய்வழி டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது இது! ஒரு தாய் மக்கள் எல்லாருக்கும் ஒன்றாகவே இருப்பதால், இதை வைத்து 'இவர்தான்' என்று அடித்துச் சொல்ல முடியாது.

மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 1978-ல் நடந்த ஒரு கொலைக்காக, முடி ஒத்துப்போகிறது என்ற சாட்சியத்தால் சாண்டே டிரிபிள் என்ற வாலிபர் 28 ஆண்டுகள் சிறையில் வாடினார். 2012-ல் டி.என்.ஏ. சோதனை செய்தபோது அவற்றில் ஒன்றுகூட அவருடையதல்ல என்று தெரிந்தது. ஒரு முடி நாயுடையதாம்! 2015-ல் எஃப்.பி.ஐ., தன் முடி நிபுணர்கள் குற்றவாளிக்கு எதிராகச் சாட்சி சொன்ன 268 வழக்குகளை ஆராய்ந்தது. 257-ல் அந்தச் சாட்சியம் தவறாக இருந்தது. ஆகவே முடி துணைச் சாட்சிதான். அது தனியாக நின்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? வீட்டில் திருட்டோ, அடிதடியோ நடந்துவிட்டால் பெண்கள் உடனே துடைப்பத்தை எடுத்துவிடுகிறோம். வேண்டாம்! போலீஸ் வரும் வரை எதையும் தொடாதீர்கள். ஒரு பெண்ணுக்கோ குழந்தைக்கோ கொடுமை நேர்ந்தால், முதலில் சிகிச்சைதான் முக்கியம். முடிந்தவரை குளிப்பாட்டாமல், துணி மாற்றாமல் அழைத்துச் செல்லுங்கள். மாற்றியே தீரவேண்டுமென்றால், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரும் குற்றங்களில் தடய நிபுணர் நேரில் வரவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். நம் மதுரையிலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே போய்ச் சேரவேண்டிய சாட்சியை நம் கையாலேயே பெருக்கித் தள்ளிவிடாமல் இருப்போம், சகோதரிகளே!