முதல் தொலைநோக்கி: கண்ணாடியைப் பார்க்கும் முன் காலைப் பாருங்கள்

தொலைநோக்கி முதலில் செய்யும் வேலை வெளிச்சத்தைச் சேர்ப்பது. பெரிதாக்கிக் காட்டுவது அதற்கு அடுத்தது. இருட்டில் நன்றாக விரிந்த மனிதக் கண்ணின் பாவை சுமார் 7 மி.மீ. அகலம் இருக்கும். முகப்பில் 70 மி.மீ. வில்லை உள்ள சிறு தொலைநோக்கி அதைவிடப் பத்து மடங்கு அகலமானது. பரப்பளவில் நூறு மடங்கு. ஆகவே நூறு கண்களின் வெளிச்சம் ஒரு கண்ணுக்குள் இறங்குகிறது. வில்லைக்குப் பதில் 130 மி.மீ. ஆடி உள்ள கருவி என்றால் ஏறக்குறைய 345 கண்கள். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த நீளத்துக்கு வானில் பரந்து கிடக்கிறது. ஆனாலும் நகரத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அதை மறைப்பது மங்கல்தான். தொலைநோக்கி வாங்கப் போகிறவர் “எத்தனை மடங்கு பெரிதாக்கும்?” என்று கேட்பதற்கு முன் “முகப்பு எத்தனை மி.மீ.?” என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

மலிவான தொலைநோக்கிப் பெட்டிகளின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த எண் எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. கூட வரும் ஐபீஸ்களில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைகளில்) சிறியது 4 மி.மீ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 175. பெட்டியில் உள்ள மூன்று மடங்கு ‘பார்லோ’ வில்லையையும் சேர்த்தால் 525. கணக்கு சரி, பயன்தான் இல்லை. முகப்பின் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே நடைமுறை எல்லை. 70 மி.மீ. கருவிக்கு அது 140 மடங்கு. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. வியாழன் பட்டைகளை இழந்து மங்கிய மஞ்சள் திட்டாகிவிடும். நிலவின் பள்ளங்களுக்கும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுக்கும் 25, 30 மடங்கே போதும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் தன் விளிம்பைப் பூமிக்குக் காட்டி, கோடாக மெலிந்திருந்தது. 2032 வரை அது ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போகும். அதற்கும் 60 முதல் 100 மடங்கு தாராளம்.

மலிவுத் தொலைநோக்கிகள் பெரும்பாலும் கைவிடுவது கண்ணாடியில் அல்ல, காலில். வில்லை ஓரளவு நன்றாகவே இருக்கும். அதைத் தாங்கும் ட்ரைபாட் மெல்லிய அலுமினியக் குழாய்களால் ஆனதாக இருக்கும். நூறு மடங்கு பெரிதாக்கினால் நடுக்கமும் நூறு மடங்கு பெரிதாகும். படத்தைத் தெளிவாக்கத் திருகைத் தொட்டதும் கோள் துள்ளும். அந்த அளவில் சாதாரண ஐபீஸ் காட்டும் வானம் அரை பாகை அகலம்தான். பூமி சுழல்வதால் ஒரு கோள் அதைக் கடந்து வெளியேற இரண்டே நிமிடம் ஆகும். நடுக்கம் அடங்கக் காத்திருந்து, “வந்து பார்” என்று பிள்ளையைக் கூப்பிட்டு, அது ஏறி நின்று கண் வைப்பதற்குள் சனி போய்விட்டிருக்கும். ஆசையாக வாங்கிய கருவி பரணுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். தெருவின் மறுமுனையில் உள்ள பெயர்ப்பலகையின் ஓர் எழுத்தைக் காட்சியில் நிறுத்தி, குழாயை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு மூன்று வினாடியில் எழுத்து அசையாமல் நின்றால் வாங்கலாம். அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கால் தகராறுக்கு எளிய தீர்வு கண்டவர் ஜான் டாப்சன் (1915–2014). கலிஃபோர்னியாவில் இராமகிருஷ்ண மரபு சார்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். கையில் காசு கிடையாது. கிடைத்த பழைய கண்ணாடிகளைத் தாமே தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயில் பொருத்தினார். ட்ரைபாட்டை விட்டுவிட்டு, குழாயை ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார வைத்தார். பெட்டி தரையில் பக்கவாட்டில் சுழலும், குழாய் அதற்குள் மேலும் கீழும் சாயும். அவ்வளவுதான் இயக்கம். 1968இல் நண்பர்களோடு சான்பிரான்சிஸ்கோ நடைபாதைகளில் அதை நிறுத்தி, வழியில் போவோரையெல்லாம் நிலவைப் பார்க்க வைத்தார். ‘டாப்சோனியன்’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் இந்த அமைப்பில் பணம் காலுக்குப் போகாமல் ஆடிக்குப் போகிறது. குறைந்த செலவில் அகலமான முகப்பு கிடைக்கும் ரகசியம் இதுவே.

இதன் குட்டி வடிவம்தான் மேசை டாப்சோனியன். 76, 100, 114, 130 மி.மீ. அளவுகளில் கிடைக்கிறது. 130 மி.மீ. கருவியின் குவியத் தூரம் பொதுவாக 650 மி.மீ.; 25 மி.மீ. ஐபீஸில் 26 மடங்கும் 10 மி.மீ. ஐபீஸில் 65 மடங்கும் வரும். குழாயைப் பாதியாக மடக்கும் வகை பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோகும் அளவுக்குச் சுருங்கும். மடக்கும் வகையில் குழாயின் மேல்பாதி திறந்திருப்பதால் தெருவிளக்கு வெளிச்சம் உள்ளே புகும். கறுப்புச் சார்ட் தாளைச் சுருட்டிச் செருகினால் தீர்ந்தது. வைக்க மட்டும் உறுதியான இடம் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. மரமுக்காலி மிக நன்று. மூன்று கால் என்பதால் மேடுபள்ளமான மொட்டை மாடியிலும் ஆடாமல் உட்காரும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இந்த அமைப்பு இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. சென்னை வடக்கே 13 பாகையிலும் கன்னியாகுமரி 8 பாகையிலும் உள்ளன. கோள்கள் இங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே போகும். காற்றின் கலக்கம் அங்கே மிகக் குறைவு என்பதால் காட்சிக்கு அது பெரிய நன்மை. ஆனால் ட்ரைபாட்டில் நிற்கும் நீண்ட வில்லைத் தொலைநோக்கியை நேர் மேலே திருப்பினால் அதன் பின்முனை காலில் முட்டும். பார்ப்பவர் தரையில் மண்டியிட வேண்டிவரும். டாப்சோனியனில் ஐபீஸ் குழாயின் மேல்முனையில், பக்கவாட்டில் இருக்கிறது. பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் ‘ஈக்வடோரியல்’ தாங்கியைக் கடைக்காரர் மேலானது என்று சொல்லக்கூடும். அதன் அச்சை ஊரின் அகலாங்குக்குச் சாய்க்க வேண்டும்; எட்டு, பத்து பாகைக்குத் தாழ்த்துவது மலிவான தாங்கிகளில் பெரும் தொல்லை. முதல் கருவிக்கு அது வேண்டாம்.

தென்கோடியில் இருப்பதன் பரிசு வேறொன்றும் உண்டு. ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே ஏறும் ஒமேகா சென்டாரி என்ற உருண்டை வடிவ விண்மீன் கொத்து, லண்டன்வாசிகளுக்கு ஒருபோதும் உதிக்காதது. இருண்ட ஊரில் 70 மி.மீ. கருவியில் அது பஞ்சுப் பொட்டு, 130 மி.மீ. கருவியில் அதன் ஓரங்கள் உப்புத்தூளாக உதிரத் தொடங்கும்.

பராமரிப்பே வேண்டாம் என்பவருக்கு 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஏற்றது. ஆடித் தொலைநோக்கியில் இரு ஆடிகளையும் அவ்வப்போது திருகி நேராக்க வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. குட்டையாகவும் கனமற்றும் இருக்கும் 90 மி.மீ. மக்சுடோவ் வகை, நிலவுக்கும் கோள்களுக்கும் சிறந்தது, விலைதான் கூடுதல். ஒன்றை மட்டும் ஒதுக்க வேண்டும்: குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்து, குழாய் அரை மீட்டரே நீளமுள்ள மலிவு ஆடித் தொலைநோக்கி. குறையும் நீளத்தை ஈடுகட்ட உள்ளே ஒரு வில்லையைச் செருகியிருப்பார்கள்; அதனால் படம் கலங்கும், ஆடிகளை நேராக்குவதும் கடினம்.

ஐபீஸ் பொருத்தும் துளை ஒன்றேகால் அங்குலமாக இருக்கட்டும். பிற்பாடு நல்ல ஐபீஸ் வாங்கிப் போட அதுவே வழிவிடும். வெயிலில் காய்ந்த மொட்டை மாடி நள்ளிரவு வரை வெப்பத்தைக் கக்கும், கோள்கள் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். மண்தரையும் புல்வெளியும் மேல். மழைக்காலத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைக்க வேண்டும். ஐபீஸில் திருகும் ‘சன்’ வடிகட்டி கிடைத்தால் அன்றே குப்பையில் போட்டுவிட வேண்டும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனைப் பார்க்கும் வடிகட்டி குழாயின் முன்முகப்பை முழுவதும் மூடுவதாக இருக்க வேண்டும்.

கையில் உள்ள பணத்துக்கு ஆடாத கால் கிடைக்கவில்லையென்றால் 10x50 பைனாகுலர் வாங்கிக்கொள்ளலாம். முழங்கைகளைச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் நிலவின் பெரும் பள்ளங்களும் வியாழனின் நிலவுகளும் தெரியும். கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆறுக்குப் பதில் பல டஜன் விண்மீன்கள் தெரியும். அதே விலையில் கிடைக்கும் ஆடுகால் தொலைநோக்கியைவிட அதுவே நல்ல கருவி.